வடித்த தயிரும் மேய்ச்சல் தரையும்

லோறன்ஸ் கிழக்கில் ஓடும் 54 ஆம் இலக்க பஸ்ஸில் விக்ரோறியா பார்க் சந்தியிலிருந்து கிழக்கே போனால், தயிருக்கு எத்தனை பெயர் இருக்கிறது என்று ஒரே வீதியில் பார்த்துவிடலாம். வெக்ஸ்ஃபோர்ட் பக்கத்து அரபுக் கடைகளில் அது லப்னே. உப்புப் போட்டு வடித்தது. சில கடைகளில் உருண்டையாக்கி ஒலிவ் எண்ணெய்ப் போத்தலுக்குள் போட்டும் வைத்திருப்பார்கள். ஆப்கான் கடைக்குள் போனால் அதற்குப் பெயர் சக்கா. மூடிக் கிடக்கிற லோறன்ஸ் ஈஸ்ற் ரயில் நிலையத்தைத் தாண்டி (2023 யூலையில் பெட்டி தடம்புரண்ட பிறகு அந்தப் பாதையே நின்றுபோனது, ஸ்காபரோ ஆக்களுக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை) மார்க்கம் வீதிப் பக்கம் வந்தால் எங்கட கடைகள். அங்கே வாளித் தயிர், அதற்குப் பக்கத்தில் 'தஹி'. பிறகு ஏதாவது ஒரு பெரிய சுப்பர்மார்க்கெற்றுக்குள் போனால் ஒரு சுவர் முழுக்க கிரீக் யோகட். அதிலும் ஓர்கானிக் என்று போட்டது கண்ணுக்கு நேரே இருக்கிற தட்டில், சாதாரணத் தயிரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலையில்.

எங்கட வயதுப் பெற்றோர் அந்தச் சுவருக்கு முன்னால் நிற்பதை நான் கன தரம் பார்த்திருக்கிறேன். ஒரு கையில் போன், மற்றக் கையில் டப்பா. பிள்ளைக்குப் புரதம் வேணும், சீனி கூடாது, மருந்து ஊசி போடாத மாட்டுப் பால் வேணும். காசும் கொடுக்கத் தயார். ஆனால் கொடுக்கிற காசு எதுக்குப் போகுது என்று அந்த டப்பா வடிவாகச் சொல்வதில்லை. நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஒரு சொல்லுக்கு வரைவிலக்கணம் இல்லை என்றால் எனக்கு நித்திரை வராது. ஆகவே இந்த டப்பாவில் உள்ள இரண்டு சொற்களையும், கிரீக் ஒன்று, ஓர்கானிக் மற்றது, கொஞ்சம் கிண்டிப் பார்த்தேன்.

முதலில் கிரீக். கிரேக்க மொழியில் இந்தத் தயிருக்கு உள்ள சொல்லின் பொருள் 'வடித்தது' என்பதுதான். துணியில் கட்டித் தண்ணியை இறக்கின தயிர். ஏதென்சில் 1926 இல் ஒரு சின்னப் பால்கடையாகத் தொடங்கிய ஃபாயே என்ற நிறுவனம் அதை உலகத்துக்குக் கொண்டுபோனது. அமெரிக்காவில் அதைப் பெரும் வியாபாரமாக்கியவர் கிரேக்கர் இல்லை. துருக்கியிலிருந்து வந்த குர்து இனத்தவரான ஹம்டி உலுகாயா. நியூ யோர்க் மாநிலத்தில் மூடிவிட்ட ஒரு பழைய தொழிற்சாலையை 2005 இல் வாங்கி, 2007 இல் சோபானி என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். இந்த இரண்டு நிறுவனங்களும் பிரித்தானியாவில் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டன. கிரேக்கத்தில் செய்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம் என்று அங்கே 2013 இல் தீர்ப்பு வந்தது, 2014 இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. ஆகவே இலண்டனில் இருக்கிற உங்கட மச்சாள் வாங்குகிற டப்பாவில் 'கிரீக் ஸ்டைல்' என்று இருக்கும்.

கனடாவில் அப்படி ஒன்றும் கிடையாது. இங்கே கிரீக் யோகட் என்ற பெயருக்குத் தனியான சட்ட வரைவிலக்கணம் இல்லை. துணியிலோ இயந்திரத்திலோ வடித்ததும் கிரீக்தான். வடிக்காமல், பால் புரதத் தூளும் மாப்பொருளும் போட்டுத் தடிப்பாக்கினதும் கிரீக்தான். சிலதில் ஜெலற்றின் இருக்கும். மாடு, பன்றி எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற வீட்டுக்கும், ஹலால் பார்க்கிற வீட்டுக்கும் இது சின்ன விஷயம் இல்லை. டப்பாவின் முன்பக்கத்தைப் பார்க்காதேங்கோ, பின்பக்கத்தைத் திருப்புங்கோ. பால், உயிருள்ள பக்டீரியா, கூடினால் கிரீம். அதுக்கு மேல பட்டியல் நீண்டால் அது வடித்த தயிர் இல்லை.

எங்களுக்கு வடித்த தயிர் புதுச் சாமானும் இல்லை. மட்டக்களப்புப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், வீதியோரக் கடைகளில் எருமைத் தயிர்ச் சட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். எருமைப் பாலில் கொழுப்பு மாட்டுப் பாலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதோடு சுட்ட மண்சட்டி தயிரின் தண்ணியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். துணியும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். வடிக்கிற வேலையைச் சட்டியே செய்துவிடும். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர் என்று எங்கட ஆக்கள் பெருமை பேசுவது இதைத்தான். அதுக்கு மேல கித்துள் பாணி. இங்கே ஸ்காபரோவில் அந்தச் சட்டி கிடைக்காது, பாணிப் போத்தல் மட்டும் கிடைக்கும் (அதிலும் எது கித்துள், எது சீனிப்பாகு என்பது வேறு ஒரு ஆராய்ச்சி). ஆகவே கன வீடுகளில் கொழுப்புக் கூடின கிரீக் யோகட்டுக்கு மேல பாணியை ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிறோம். என்னைக் கேட்டால் அது மோசமான ஒப்பந்தம் இல்லை.

ருசி விஷயத்தில் நான் யாருடைய நட்சத்திர மதிப்பெண்ணையும் நம்புவதில்லை. அந்த மதிப்பெண் போடுகிறவர்கள் தயிரைப் புளூபெரியோடும் தேனோடும் சாப்பிடுகிறார்கள். நாங்கள் சோறோடு சாப்பிடுகிறோம். அதனால் ஒரு சனிக்கிழமை நாலு கிண்ணம் வைத்து, அடியில் இலக்கம் ஒட்டி, எது எது என்று சொல்லாமல் வீட்டில் எல்லாருக்கும் கொடுத்தேன். ஒன்று கொழுப்பே இல்லாத ஓர்கானிக் கிரீக். இரண்டு, முழுக்கொழுப்பு ஓர்கானிக் கிரீக். மூன்று, தடிப்பாக்கின சாதாரண கிரீக். நாலாவது, ஓர்கானிக் வெறும் தயிரை இரவு முழுக்க மல்லுத் துணியில் வடித்து நான் செய்தது. நடுவர்கள் மூன்று பேர்: என் அம்மா, என் மனைவி, ஏழு வயது மகள்.

அம்மாவின் சோதனை முறை எங்கட கொம்பனியின் சோதனைப் பிரிவைவிடக் கறாரானது. கரண்டியால் ஒரு பள்ளம் தோண்டி, பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தார். நல்ல தயிர் என்றால் அந்தப் பள்ளத்தில் தண்ணி ஊறும். மூன்றாவது கிண்ணத்தில் ஒரு சொட்டுக்கூட ஊறவில்லை. மாப்பொருள் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. 'இது பெயின்ற்' என்று தள்ளி வைத்தார். பிறகு சோறு. பிசைந்தபோது அந்த மூன்றாவது பசையாகக் கையில் ஒட்டியது. கொழுப்பில்லாத முதலாவதை வாயில் வைத்ததும் 'சோக்குக் கரைச்சு வைச்ச மாதிரி இருக்கு' என்றார். அது சரியான கணிப்பு. கொழுப்பு இல்லாத இடத்தில் புரதம் மட்டும் திரண்டு நாக்கில் மா மாதிரிப் படியும், புளிப்பும் தனியாகத் தெரியும். முழுக்கொழுப்பு ஓர்கானிக் சோறோடும் நின்றது, கறிக்குள் போட்டபோதும் உடனே திரையவில்லை. நாலாவதுக்கு அம்மா ஒரு கதையும் சொல்லவில்லை, இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டார். மகளுக்கு முதலாவதுதான் பிடித்தது. ஏன் என்று கேட்டேன். ஐஸ்கிறீம் மாதிரி வெள்ளையாக இருக்குதாம்.

வெள்ளை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. புல் மேய்கிற மாட்டின் பாலில் லேசான மஞ்சள் இருக்கும். புல்லில் உள்ள கரோட்டின் கொழுப்போடு பாலுக்கு வருவதால் அது. எருமை அந்தக் கரோட்டினை விற்றமின் ஏ ஆக மாற்றிவிடும், அதனால்தான் எருமைத் தயிர் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. ஆகவே கோடையில் வாங்குகிற முழுக்கொழுப்பு ஓர்கானிக் தயிர் கொஞ்சம் மஞ்சளாக இருந்தால் பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கொழுப்பை எடுத்துவிட்ட டப்பாவில் இந்த அடையாளமும் போய்விடும்.

இனி ஓர்கானிக். இந்தச் சொல்லுக்கு மட்டும் கனடாவில் பல் இருக்கிறது. 2009 யூன் முடிவிலிருந்து அது சட்டத்துக்குக் கட்டுப்பட்ட சொல். குன்றுகளுக்குப் பின்னால் மேப்பிள் இலை பாதி தெரிகிற வட்டச் சின்னத்தைப் போட வேண்டுமென்றால் உள்ளே 95 விழுக்காடாவது ஓர்கானிக்காக இருக்க வேண்டும். பண்ணைக்கு ஒவ்வொரு வருஷமும் பரிசோதகர் வருவார். மாட்டுக்குக் கொடுக்கிற தீனியில் செயற்கைப் பூச்சிகொல்லியும் மரபணு மாற்றின விதையும் கூடாது. மேய்ச்சல் காலத்தில் மாடு வெளியே புல்லுத் தரைக்குப் போக வேண்டும். வளர்ந்த மாடு அந்தக் காலத்தில் தின்னும் புல், வைக்கோல் வகையில் குறைந்தது 30 விழுக்காடு அது தானே மேய்ந்ததாக இருக்க வேண்டும். நோய் வந்தால் மருந்து கொடுக்கலாம். ஆனால் பிறகு வழமையைவிட நீண்ட நாள் அந்தப் பாலை ஓர்கானிக் என்று விற்க முடியாது.

எங்கட வாட்ஸப் குழுக்களில் அடிக்கடி வருகிற பயம், ஹோர்மோன். பால் கூடச் சுரக்க மாட்டுக்குப் போடுகிற வளர்ச்சி ஹோர்மோனைக் கனடா சுகாதாரத் திணைக்களம் 1999 யனவரியிலேயே மறுத்துவிட்டது. மடிநோயும் கால் ஊனமும் கூடுகிறது என்று மாட்டின் நலனைக் காரணம் காட்டித்தான் மறுத்தது. ஆகவே இந்த நாட்டில் கறக்கிற எந்தப் பாலுக்கும் அந்த ஊசி கிடையாது, மலிவுப் பை உட்பட. நுண்ணுயிர்கொல்லி மருந்தும் அப்படித்தான். ஒவ்வொரு பால் ராங்கரும் சோதிக்கப்படுகிறது. பிடிபட்டால் முழுப் பாலும் கொட்டப்படும். இந்த இரண்டு பயத்துக்காக மட்டும் ஓர்கானிக்குக்கு இரண்டு மடங்கு கொடுக்கிறவர்கள், கொடுக்கத் தேவையில்லை. அந்தக் காசு வாங்குவது மாடு வெளியே போய் மேயும் உரிமையையும், நிலத்தில் நஞ்சு அடிக்காமல் இருப்பதையும். நான் இப்போதும் கொடுக்கிறேன், ஆனால் எதுக்கு என்று தெரிந்து கொடுக்கிறேன்.

எந்தப் பண்ணை என்று தெரிந்து வாங்குவது கடினம். ஒன்ராறியோவில் கறக்கிற பாலை விவசாயிகளின் மாகாண அமைப்பு ஒன்றாகச் சேர்த்துத்தான் தொழிற்சாலைகளுக்கு விற்கிறது. 1965 இல் பால் சந்தைப்படுத்தல் சபையாகத் தொடங்கியது, இப்போது டெயரி ஃபார்மர்ஸ் ஒஃப் ஒன்ராறியோ. ஓர்கானிக் பாலும் இதே வழியாகத்தான் போகிறது; ராங்கர் மட்டும் வேறு. இதில் நல்லதும் உண்டு. விவசாயிக்கு நிலையான விலை, இடைத்தரகன் கழுத்தை நெரிக்க முடியாது. எங்கட ஊரில் பால் ஊற்றிவிட்டுக் காசுக்கு அலைகிறவர்களை நினைத்தால் இது பெரிய விஷயம். மறுபக்கம், மாடு வளர்க்க ஆசை மட்டும் போதாது, பங்குரிமை வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கிலோ பால்கொழுப்பு விற்கும் உரிமை, அதாவது ஏறக்குறைய ஒரு மாட்டின் பால், ஒன்ராறியோவில் உச்சவிலையே 24,000 டொலர் என்று கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஐம்பது மாட்டோடு தொடங்க நினைக்கிற ஒரு இளம் குடும்பம் மாட்டுக்கும் நிலத்துக்கும் முன்னால் பத்து லட்சம் டொலருக்கு மேல தேட வேணும். எங்கட சமூகத்தில் கடை, காணி, கணக்கியல் என்று எல்லாத் துறையிலும் இறங்கின ஆக்கள் இருக்கினம், பால்பண்ணை வைத்திருக்கிறவர்களை நான் இன்னும் சந்திக்கவில்லை. காரணம் புரிகிறது.

டப்பாவில் உள்ள பெயரும் பெரிதாக உதவாது. மொன்றியலில் 1936 இல் தொடங்கிய லிபெர்ற்றே பிறகு அமெரிக்க ஜெனரல் மில்ஸிடம் போனது, 2025 தொடக்கத்தில் பிரெஞ்சுக் கூட்டுறவான சொடியாலிடம் போனது. டப்பாவின் முகத்தைப் பார்த்து இந்தக் கதையை யாரும் ஊகிக்க முடியாது. ஓர்கானிக் மெடோ 1989 இல் ஒன்ராறியோ விவசாயிகள் சிலர் கூட்டுறவாகத் தொடங்கியது. ஹார்மனி தன் ஓர்கானிக் பாலைத் திருப்பிக் கொடுக்கிற கண்ணாடிப் போத்தலில் விற்கிறது. பாலாக வாங்கினால் இப்படித் தெரிவு கொஞ்சம் கூடும். இந்தக் கணக்கை நான் கீழே திரும்பவும் எடுக்கிறேன்.

கிரீக் யோகட்டின் நேர்மைக் கணக்கில் யாரும் முன்பக்கத்தில் எழுதாத ஒரு வரி இருக்கிறது: தண்ணி. ஒரு கிலோ வடித்த தயிருக்கு மூன்று, நாலு கிலோ பால் போகிறது. மிச்சம் புளித்த தயிர்த்தண்ணி. ஒரு வீட்டில் அது ஒரு செம்பு. ஒரு தொழிற்சாலையில் அது ராங்கர் ராங்கராக. ஆற்றில் விட்டால் தண்ணியில் உள்ள ஒட்சிசனை அது தின்றுவிடும், மீன் சாகும். அதனால் விட முடியாது. நியூ யோர்க் மாநிலத்தில் கிரீக் யோகட் பெருகின காலத்தில் இதை என்ன செய்வது என்பதே ஒரு பெரிய பிரச்சினையாகி, மாட்டுத் தீனிக்கும், வயலுக்கும், எரிவாயு எடுக்கிற தொட்டிக்கும் அனுப்பினார்கள். ஒரு பகுதி கல்சியமும் இந்தத் தண்ணியோடு போய்விடும். புரதம் இரண்டு மடங்கு என்று பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் இதைச் சின்ன எழுத்தில்கூடப் போடுவதில்லை. மூன்று மாட்டின் பாலைக் குடித்து இரண்டு மாட்டின் பாலை வெளியே ஊற்றுகிற ஒரு சாமானுக்கு ஓர்கானிக் சின்னம் மட்டும் புண்ணியம் சேர்த்துவிடும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

மேய்ச்சல் என்ற சொல் வந்ததால் இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். மாடு வெளியே போய் மேய்ந்த தயிர் என்பதற்காக ஸ்காபரோவில் நாங்கள் கூடக் காசு கொடுக்கிறோம். மட்டக்களப்பில் மாடு வெளியே போய் மேய்வதற்கே போராட வேண்டியிருக்கிறது. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளில் வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் காணி பிடித்துப் பயிர் செய்யத் தொடங்கியதை எதிர்த்து, 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தமிழ்ப் பண்ணையாளர்கள் வீதியோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். தலைமுறை தலைமுறையாக மாடு மேய்ந்த தரை என்பது அவர்களின் வாதம். மாடுகள் வெட்டப்பட்டும் சுடப்பட்டும் கிடந்தன என்ற முறைப்பாடுகளும் சேர்ந்தே வந்தன. அந்த மாட்டுப் பாலுக்கு யாரும் ஓர்கானிக் சின்னம் ஒட்டவில்லை. ஆனால் அந்தச் சின்னம் கேட்கிற முதல் நிபந்தனை, திறந்த வெளியில் மேய்ச்சல், அந்த மாடுகளிடம் எப்போதும் இருந்தது. இப்போது அதைத்தான் பறிக்கப் பார்க்கிறார்கள். தயிர் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்கப் பழகின பிள்ளைகளுக்கு இதையும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். உணவின் நேர்மை பற்றி இங்கே எழுதுகிற கட்டுரைகளில் கொஸ்ரா ரிக்கா கோப்பி வரும், கானா கொக்கோ வரும்; மயிலத்தமடு வந்து நான் பார்க்கவில்லை.

ஊர்ப் பண்ணையை ஒரேயடியாகப் புனிதமாக்கவும் எனக்கு மனமில்லை. ஊர் மாடு கன்றை விட்டால்தான் பால் இறக்கும். அதனால் கன்று முதலில் குடிக்கும், பிறகு கறப்பார்கள், பிறகு மிச்சமும் கன்றுக்கு. பால் குறைவு. வறட்சியில் மாடு எலும்பாகிவிடும், வைத்தியம் கிடையாது. இங்கே ஓர்கானிக் பண்ணையில் வைத்தியர் வருவார், தொழுவம் சுத்தம், ஆனால் கன்றைப் பெரும்பாலும் பிறந்த கொஞ்ச நேரத்தில் அல்லது கொஞ்ச நாளில் பிரித்துவிடுவார்கள். ஓர்கானிக் விதி அதைத் தடுக்கவில்லை. ஆண் கன்று பெரும்பாலும் இறைச்சிக்குப் போகும். இதையும் தெரிந்துதான் கரண்டியை எடுக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு நான் என்ன வாங்குகிறேன்? கிரீக் என்று போட்டதை இப்போது அபூர்வமாகத்தான். போத்தலில் வருகிற முழுக்கொழுப்பு ஓர்கானிக் பால் வாங்குகிறேன். வேலை நெருக்கடி வாரம் என்றால் பட்டியலில் பாலும் பக்டீரியாவும் மட்டும் உள்ள ஓர்கானிக் வெறும் தயிர். உறைக்கு ஒரு கரண்டி கிரீக் யோகட் நல்லது, ஆனால் ஒரு நுணுக்கம். அதில் உள்ள பக்டீரியாவுக்கு 40 பாகைக்கு மேல சூடு வேணும். ஊரில் அடுப்பங்கரைச் சூட்டில் உறைகிற அம்மாவின் உறைமோர் வேறு வகை. அதனால்தான் இங்கே யனவரியில் மேசையில் வைத்த பால் விடியும்வரை பாலாகவே இருக்கும். பாலைக் காய்ச்சி, விரல் வைத்தால் பொறுக்கக்கூடிய சூட்டுக்கு ஆறவிட்டு, உறை போட்டு, துவாயால் சுற்றி அவனுக்குள் வைத்து, அவன் விளக்கை மட்டும் போட்டுவிடுங்கோ. ஸ்காபரோவில் பாதித் தமிழ் வீடுகளில் இரவில் எரிகிற அந்த மஞ்சள் விளக்கு தயிருக்குத்தான். (அவனை மறந்துபோய்ச் சூடாக்கினால் துவாயும் சேர்ந்து வேகும், விளக்கின் பொத்தானில் ஒரு காகிதம் ஒட்டி வையுங்கோ.) காலையில் குளிரூட்டிக்குள் வைத்து, இரவு மல்லுத் துணியில் கட்டி வடித்தால் அடுத்த நாள் கிரேக்கமும் லப்னேயும் சக்காவும் எல்லாம் அதுதான். ஆறு மணித்தியாலம் என்றால் தயிர், பன்னிரண்டு என்றால் பாணில் பூசலாம்.

தண்ணியை ஊற்ற வேண்டாம். றொட்டி மாவை அதில் குழைத்தால் மென்மையாக வரும். ரசத்துக்குப் புளியைக் குறைத்து இதை விடலாம். என் மனைவி அதில் பருப்பு அவிக்கப் பார்த்தா. பருப்பு புளித்தண்ணியில் கடைசிவரைக்கும் அவியவில்லை, அதைச் செய்யாதேங்கோ. அம்மா உப்பும் இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்டு அப்படியே குடிக்கிறார்.

போன கோடையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குவெல்புக்கு அங்கால ஒரு ஓர்கானிக் பண்ணைக்குப் போனோம். ஸ்காபரோவிலிருந்து 401 நெரிசல் சேர்த்து இரண்டு மணித்தியாலம். மாடுகள் வெளியேதான் நின்றன, வெயிலுக்கு ஒரு மரத்தடியில் எல்லாம் ஒன்றாக. வேலிக்குப் பக்கத்தில் வந்த ஒன்று மகளின் கையை நக்கிவிட்டது. பிறகு அவள் கன்றுகள் எங்கே என்று கேட்டாள். அங்கே வேறாக ஒரு கொட்டிலில் இருந்தன. ஏன் அம்மாவோட இல்லை என்றாள். பாலை நாங்கள் குடிக்கிறதாலே என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு கன்றுக்கு யார் பால் குடுக்கிறது என்று கேட்டாள். அங்கே வேலை செய்கிற ஒரு பெண் வாளியில் முலைக்காம்பு பொருத்தின ஒன்றைக் காட்டி, நாங்கள்தான் என்றா. மகள் கேட்டு வாங்கி ஒரு கன்றுக்கு அந்த வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்று வாளியை முட்டி முட்டிக் குடித்தது, பாதிப் பால் அவளின் சப்பாத்தில்.